டயர் கடையில் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்

ஃபிரிட்ஜ் வாங்கப் போனால் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரத்தை எண்ணுகிறோம். ஏ.சி. என்றால் மூணு ஸ்டாரா அஞ்சு ஸ்டாரா என்று கடைக்காரரோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிறோம். ஆனால் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடப்போகும் வண்டிக்கு டயர் மாற்றும்போது நாம் கேட்பது இரண்டே கேள்விகள். "என்ன விலை?" "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" முடிந்தது கதை.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். டயரின் விலையில் பெரும்பகுதி பில்லில் இல்லை. அது பெட்ரோல் பங்கில் இருக்கிறது, மழை நாளில் பிரேக் பிடிக்கும் இடத்தில் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது ரப்பருக்குள் கலந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத பொடி. அந்தப் பொடி ரப்பரின் சங்கிலிகளை எவ்வளவு அசைய விடுகிறது, எவ்வளவு பிடித்து வைக்கிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. அதை அளந்து சொல்லும் லேபிள் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை. கார்க்காரர் கேட்க வேண்டும், லாரிக்காரர் கேட்க வேண்டும், முக்கியமாக அவர்களுக்குக் கடன் கொடுக்கும் எங்களைப் போன்ற பேங்க்காரர்கள் கேட்க வேண்டும்.

"பி.காம். படித்த ஆளுக்கு ரப்பரில் என்னய்யா ஜோலி?" என்று கேட்பீர்கள். தங்கமணியும் அதையேதான் கேட்டார். நியாயமான கேள்வி.

நான் குடியிருப்பது ஹௌரா பக்கம் சாந்த்ராகாச்சியில். குளிர்காலத்தில் இங்குள்ள ஏரிக்கு வலசைப் பறவைகள் வரும். வருஷம் முழுக்க வருவது லாரிகள். கோனா எக்ஸ்பிரஸ்வேயில் பத்து நிமிஷம் நின்றால் டி.என். 28 (நாமக்கல்), டி.என். 34 (திருச்செங்கோடு) நம்பர் பிளேட் ஒன்றாவது கண்ணில் படும். டான்குனி பக்கம் ஆரம்பித்து சென்னை வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 16 சுமார் 1,700 கி.மீ. அந்த ரோட்டில் ஓடுகிற வண்டிகளின் கடன் ஃபைல்கள்தான் என் மேசையில் குவிகின்றன. சேசிஸுக்கு மதிப்பு போடுகிறோம், பாடிக்கு மதிப்பு போடுகிறோம், இன்ஷூரன்ஸ் பார்க்கிறோம். டயர் மட்டும் "தேய்மானச் செலவு" என்று ஒரு வரியில் போய்விடுகிறது. அந்த ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும், நடுவில் கொஞ்சம் விஞ்ஞானம் வரும்.

கண்மையும் டயரும்

ரப்பர் பால் வெள்ளை. அப்புறம் டயர் ஏன் கறுப்பு? ஆரம்பகால டயர்கள் வெளுப்பாகத்தான் இருந்தன. 1904 வாக்கில் லண்டன் சில்வர்டவுனில் இருந்த ஒரு ரப்பர் கம்பெனியில் (பெயரிலேயே 'இந்தியா ரப்பர்' என்று இருக்கும்) எஸ்.சி. மோட் என்பவர் ரப்பரில் புகைக்கரியைக் கலந்தால் அது பல மடங்கு உறுதியாகிறது என்று கண்டார். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் டயர் உலகமே கறுப்பாகிவிட்டது.

நம் பாட்டிமார் விளக்கெண்ணெய் விளக்கின் மேல் தாம்பாளத்தைக் கவிழ்த்துப் பிடித்துக் கண்மை எடுத்தார்களே, அதே சமாச்சாரம்தான். போதுமான காற்று இல்லாமல் எண்ணெய் எரிந்தால் கரி படியும். ஆலையில் அதைப் பெரிய உலைகளில் கனமான எண்ணெயை வைத்துச் செய்கிறார்கள். பெயர் கார்பன் பிளாக். நம் ஊர்ப் பக்கத்திலேயே துர்காபூரில் 1960-ல் தொடங்கிய ஃபிலிப்ஸ் கார்பன் பிளாக் இருக்கிறது. தலைமையகம் கொல்கத்தா. இப்போது பி.சி.பி.எல். என்று பெயர். 2023-ல் நம் திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையிலும் ஆலை திறந்துவிட்டார்கள். ஒரு டயரின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு இந்தக் கரிதான்.

டயரில் அதிகம் பயன்படும் ஒரு ரகத்துக்கு என்-330 என்று பெயர். அதன் ஒரு துகள் சுமார் 30 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. (துகள்கள் தனித்தனியாக இருக்காது. திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்.) ஆக, 'நானோ' என்று இப்போது சோப்பு முதல் பெயின்ட் வரை போட்டு விற்கிறார்களே, லாரி டயர் அந்த வேலையை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே சத்தமில்லாமல் ஆரம்பித்துவிட்டது.

ஒரு கிராம் என்-330 கரியின் மொத்த மேற்பரப்பு எவ்வளவு தெரியுமா? சுமார் 78 சதுர மீட்டர். சதுர அடியில் சொன்னால் 840. வீட்டுக்கடன் பாஷையில் ஒரு இரண்டு படுக்கையறை ஃபிளாட்! ஒரு சிட்டிகைப் பொடிக்குள் ஒரு ஃபிளாட்டின் பரப்பு. என்-990 என்று ஒரு பெரிய துகள் ரகம் உண்டு. அதில் ஒரு கிராமுக்குச் சுமார் 8 சதுர மீட்டர்தான். குளியலறை அளவு. எடை ஒன்றுதான், இடம் பத்து மடங்கு வித்தியாசம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இடியாப்பத்தில் மிளகு

ரப்பர் என்பது நீளமான சங்கிலிகளின் குவியல். இயற்கை ரப்பரின் ஒரு சங்கிலியில் ஐசோபிரீன் என்ற ஒரே கண்ணி பத்தாயிரம், பதினைந்தாயிரம் தடவை கோத்திருக்கும். இடியாப்பத் தட்டைப் பார்த்த மாதிரி சிக்கலாக இருக்கும். ஒரே வித்தியாசம், இந்த இடியாப்பம் உயிரோடு நெளியும். சாதாரண வெப்பத்தில் ஒவ்வொரு கண்ணியும் சும்மா இருக்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரி செல்சியஸ் அருகே கொண்டுபோனால்தான் அந்தத் துடிப்பு உறைந்து ரப்பர் கண்ணாடி மாதிரி ஆகும். 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கியபோது சங்கிலிகளுக்கு நடுவே அங்கங்கே முடிச்சு விழுந்தது. முடிச்சுகளுக்கு நடுவில் நெளிவு இருக்கிறது, ஆனால் ஆள் ஓடிப்போக முடியாது. ரப்பர் இழுத்தால் நீள்வதும் விட்டால் திரும்புவதும் இதனால்தான்.

இந்த இடியாப்பத்துக்குள் கரித்துகளைத் தூவினால் என்ன நடக்கும்? மூன்று காரியங்கள் நடக்கின்றன.

ஒன்று, இடநெருக்கடி. துகள் நீளாது, ரப்பர்தான் நீள வேண்டும். மொத்தத்தில் நூற்றுக்கு இருபது இழுத்தால், துகள்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் அதைவிட அதிகமாக இழுபடுகிறது. பத்துப் பேர் வேலையை ஆறு பேர் செய்கிற ஆபீஸ் மாதிரி. திரவத்தில் துகள் கலந்தால் எவ்வளவு கெட்டியாகும் என்பதற்கு ஐன்ஸ்டைனே 1906-ல் கணக்கு போட்டிருக்கிறார். ரப்பர்க்காரர்கள் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டு, ஒட்டுதல். துகளின் மேற்பரப்பைத் தொடும் சங்கிலி அங்கே பிடிபடுகிறது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கந்தகத்தால் முடிச்சுப் போடாத கலவையை டொலுயீனில் சில நாள் ஊற வைத்தால் ரப்பர் எல்லாம் கரைந்துவிட வேண்டும். ஆனால் ஒரு பங்கு கரையாமல் கரியோடு ஒட்டிக்கொண்டே நிற்கும். துகளை ஒட்டிய சில நானோமீட்டர் அடுக்கில் சங்கிலிகளின் துடிப்பு மெதுவாகிவிடுகிறது. தள்ளிப் போகப் போகப் பழைய வேகம் திரும்புகிறது. கடையோர வீட்டில் வாடகைக்கு இருப்பவன் மாதிரி, எவ்வளவு பக்கமோ அவ்வளவு கட்டுப்பாடு.

இங்கேதான் அந்த ஃபிளாட் கணக்கு வருகிறது. அடுக்கின் தடிமன் 2 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 நானோமீட்டர் துகளைச் சுற்றி அப்படி ஒரு அடுக்கு போட்டால், துகளின் கனஅளவில் சுமார் 46 சதவீதம் அளவுக்கு ரப்பர் பிடிபடுகிறது. 250 நானோமீட்டர் துகளைச் சுற்றி அதே அடுக்கு போட்டால் 5 சதவீதம்கூட வராது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், எட்டாம் வகுப்பு கோளக் கணக்குதான். துகள் சிறிதாக இருப்பதன் மகிமை இதுதான். மாயமந்திரம் எதுவும் கிடையாது.

மூன்று, கூட்டணி. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரப்பருக்குள் ஒரு வலை கட்டுகின்றன. சின்ன அசைவில் வலை நிற்கும், கொஞ்சம் பெரிய அசைவில் உடையும், மறுபடி கட்டிக்கொள்ளும். 1960-களில் ஏ.ஆர். பேய்ன் இதை விரிவாக அளந்ததால் 'பேய்ன் விளைவு' என்றே பெயர். (நம் ஊர்ப் பேய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) வலை உடைந்து உடைந்து கட்டிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சக்தி வெப்பமாகப் போகிறது.

இந்த மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் விஞ்ஞானிகளுக்குள் வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. அண்மைக் காலக் கணினி ஆய்வுகள் இன்னொரு காரணமும் சொல்கின்றன. ரப்பரை இழுத்தால் அது பக்கவாட்டில் மெலிய வேண்டும். நடுவில் நிற்கும் துகள்கள் மெலிய விடுவதில்லை. வேறு வழியில்லாமல் ரப்பர் தன் கனஅளவையே கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரப்பருக்கு அது அறவே பிடிக்காத காரியம், அதனால் முரண்டு பிடிக்கிறது. நூறு வருஷமாகச் செய்துகொண்டிருக்கும் ஒரு பொருளின் உள் ரகசியம் இன்னும் முழுசாகத் தீரவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

டீசல் எங்கே போகிறது?

சரி, விஷயத்துக்கு வருவோம். லாரி மணிக்கு 80 கி.மீ.யில் போகும்போது டயர் ஒரு விநாடிக்கு ஏழு தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரோட்டைத் தொடும் பகுதி நசுங்கி விரிகிறது. நசுக்கும்போது கொடுத்த சக்தி விரியும்போது முழுசாகத் திரும்பி வருவதில்லை. பிடிபட்ட சங்கிலிகளும் உடையும் வலையும் அதில் ஒரு பகுதியை வெப்பமாக்கிவிடுகின்றன. ஓடி வந்து நின்ற லாரியின் டயரைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூடு உங்கள் டீசல்தான்.

இது சில்லறை இல்லை. காரின் எரிபொருளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும், கன லாரியில் மூன்றில் ஒரு பங்கும் டயர் உருளும் தடையைச் சமாளிக்கவே போகிறது என்பது டயர் தொழிலில் எல்லோரும் சொல்லும் பொதுக்கணக்கு.

"அப்படியானால் பொடியையே குறைத்துவிட்டால் போச்சு" என்பீர்கள். அதுதான் முடியாது. பொடி குறைந்தால் டயர் சீக்கிரம் தேயும், கிழியும். அதோடு இன்னொரு சிக்கல். ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது ரப்பர் சாலையின் சொரசொரப்பில் உரசி விநாடிக்கு ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான தடவை துடிக்கிறது. அந்த நேரத்தில் ரப்பர் சக்தியை விழுங்கினால்தான் வண்டி நிற்கும். ஆக, உருளும்போது விழுங்கக் கூடாது, பிரேக் போடும்போது விழுங்க வேண்டும். மெதுவான அசைவுக்கு ஒரு குணம், வேகமான துடிப்புக்கு வேறு குணம். உருளும் தடை, ஈரப் பிடிப்பு, தேய்மானம் என்ற இந்த மூன்றையும் 'மாய முக்கோணம்' என்பார்கள். ஒரு மூலையை இழுத்தால் இன்னொன்று சுருங்கும்.

1992-ல் மிஷலின் கம்பெனி கொண்டுவந்த 'பசுமை டயர்' இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. கரிக்குப் பதில் சிலிக்கா. சிலிக்கா என்றால் மணலின் சொந்தக்காரன். நாம் பல் தேய்த்த உமிக்கரியில்கூட இருப்பது அதுதான். நெல் உமியை நன்றாக எரித்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதிலிருந்து எடுத்த சிலிக்காவையே குட்இயர் கம்பெனி டயருக்குப் பயன்படுத்துகிறது. ஆனால் சிலிக்காவுக்கு ரப்பரைப் பிடிக்காது, தன் இனத்தோடுதான் ஒட்டும். நடுவில் ஒரு தரகர் வேண்டும். ஒரு கை சிலிக்காவையும் மறு கை ரப்பரையும் பிடிக்கும் சிலேன் என்ற ரசாயனம்தான் அந்தத் தரகர். கல்யாணம் நன்றாக அமைந்தால் துகள்கள் தங்களுக்குள் வலை கட்டுவது குறையும், சங்கிலியோடு பிணைப்பு கூடும். உருளும் தடை சுமார் 20 சதவீதம் குறைந்தது, ஈரப் பிடிப்பும் கெடவில்லை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பொடியின் பெயர் முக்கியமில்லை. அது எவ்வளவு சீராகக் கலந்தது, சங்கிலியோடு எப்படி உறவு வைத்துக்கொண்டது என்பதே முக்கியம். 'நானோ', 'கிராஃபீன்' என்று டயர் மேல் எழுதியிருந்தாலோ, கடன் கேட்டு வரும் திட்ட அறிக்கையில் எழுதியிருந்தாலோ மயங்க வேண்டாம். கட்டி கட்டியாக நிற்கும் நானோ பொடி உப்புமாவில் கரையாத ரவைக் கட்டி மாதிரிதான். வார்த்தைக்குப் பணம் கொடுக்காதீர்கள், அளவுக்குக் கொடுங்கள்.

லேபிள் இருக்கிறதே, யார் பார்க்கிறார்கள்?

அந்த அளவு இருக்கிறது. ஐரோப்பாவில் 2012 நவம்பர் முதல் டயருக்கு லேபிள் கட்டாயம். நம் நாட்டில் உருளும் தடை, ஈரப் பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் ஏ.ஐ.எஸ்.-142 என்ற தரத்தைக் கட்டாயமாக்கி 2022 ஜூனில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரம் கொடுக்கும் அதே எரிசக்தித் திறன் பணியகம் டயருக்கும் நட்சத்திர லேபிள் திட்டத்தை, விருப்பப்பட்டவர்கள் சேரலாம் என்ற முறையில் கொண்டுவந்தது. கட்டாயத் தரம் என்பது பாஸ் மார்க் மாதிரி. 35 வாங்கியவனும் 95 வாங்கியவனும் பாஸ்தான். யார் 95 என்று தெரிய லேபிள் வேண்டும்.

இப்போது என் வேலை, அதாவது கணக்கு. ஒரு லாரி வருஷத்துக்கு ஒரு லட்சம் கி.மீ. ஓடுகிறது, லிட்டருக்கு 4 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25,000 லிட்டர் டீசல். உருளும் தடை 10 சதவீதம் குறைந்தால் லாரியில் ஏறக்குறைய 3 சதவீதம் டீசல் மிச்சம். அது 750 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டால் 67,500 ரூபாய். ஒரு வருஷத்துக்கு, ஒரு வண்டிக்கு. மூன்று வண்டி வைத்திருக்கும் சின்ன உரிமையாளருக்கு இரண்டு லட்சம். பல பேருக்கு அதுதான் மாசத் தவணை தவறுமா தவறாதா என்பதைத் தீர்மானிக்கிற தொகை. டயருக்குச் சில ஆயிரம் மிச்சம் பிடித்துவிட்டு இதை விட்டால், அது சிக்கனம் ஆகாது.

ஆகவே என் கோரிக்கைகள்:

1. வாகனக் கடன் மதிப்பீட்டில் டயரின் உருளும் தடை அளவு ஒரு காலமாக வர வேண்டும். நல்ல டயருக்கான கூடுதல் பணத்தையும் கடனோடு சேர்த்துக் கொடுப்பதில் வங்கிக்கு நஷ்டமில்லை. வண்டியின் வரவு கூடினால் தவணை ஒழுங்காக வரும்.

2. நட்சத்திர லேபிள் கட்டாயமாக்கப்பட வேண்டும். கடைச் சுவரில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே அது தொங்க வேண்டும்.

3. ரீட்ரெட் டயருக்கும் அளவு வேண்டும். நம் லாரித் தொழிலே ரீட்ரெட்டில்தான் நிற்கிறது. நல்ல வழக்கம்தான். பழைய உடம்பை வைத்துக்கொண்டு மேல்தோலை மட்டும் மாற்றுகிறோம், எவ்வளவோ ரப்பர் மிச்சம். ஆனால் உருளும் தடையில் பெரும்பங்கு அந்த மேல்தோலில்தான். அதில் என்ன கரி, எவ்வளவு, எப்படிக் கலந்தது என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. ஐரோப்பாவின் 2020 சட்டமே ரீட்ரெட்டை 'அளவுமுறை தயாரான பிறகு' என்று தள்ளி வைத்தது. நாமக்கல்லும் கோயம்புத்தூரும் இருக்கும் நாடு இதில் முந்திக்கொள்ளலாமே?

4. கார் வைத்திருக்கும் குடும்பங்கள் முதலில் ஈரப் பிடிப்பைப் பாருங்கள், அப்புறம் மைலேஜ். ஆடி மாச மழையில் கோனா எக்ஸ்பிரஸ்வேயில் முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால், உங்களைக் காப்பாற்றுவது அந்தச் சில நானோமீட்டர் அடுக்கு.

"ஆனால் சார்..."

எதிர்க்கேள்விகள் வரும், தெரியும். "நம் ரோட்டுக்கும் ஓவர்லோடுக்கும் இதெல்லாம் தாங்குமா?" லாரி டயரில் பெரும்பாலும் இயற்கை ரப்பரும் கரியும்தான். சிலிக்கா காரில் காட்டிய ஜாலத்தை அங்கே அப்படியே காட்டவில்லை என்பது உண்மை. தேய்மானம் கூடினால் டீசல் மிச்சத்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதும் உண்மை. அதனால்தான் அளவு கேட்கிறேன். மூன்று மூலைக்கும் எண் இருந்தால் சரளைக்கல் குவாரிக்கு ஓட்டுபவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் வேறொன்றைத் தேர்ந்தெடுப்பார். எண்ணே இல்லாமல் இருவருக்கும் ஒரே டயரை "நல்லா ஓடும் சார்" என்று விற்பதுதான் தப்பு.

"காற்று சரியாக அடித்தாலே பாதி டீசல் மிச்சமாகுமே?" பாதி ஆகாது. ஆனால் காற்று குறைந்தால் டயர் அதிகம் நசுங்கும், அதிகம் சூடேறும் என்பது சத்தியம். அது செலவில்லாத வைத்தியம், இன்றைக்கே செய்யுங்கள். நல்ல டயருக்கு அது மாற்று இல்லை, துணை.

"விலை அதிகமாயிற்றே, கையில் காசு இல்லையே?" அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். இன்று கொடுத்து நாளை மிச்சம் பார்க்கும் செலவுக்கு உதவத்தானே வங்கி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்?

டன்லப் ஸ்டாப்

சென்னையில் அம்பத்தூர்ப் பக்கம் பஸ்ஸில் போயிருப்பவர்களுக்கு டன்லப் ஸ்டாப் தெரியும். கொல்கத்தாவில் பி.டி. ரோட்டில் பராநகர் பக்கமும் டன்லப் என்றே ஒரு முக்குச்சந்தி உண்டு. இரண்டு ஊரிலும் ஒரு டயர் கம்பெனியின் பெயர் பஸ் கண்டக்டர் வாயில் இன்னும் ஒலிக்கிறது. இங்கே ஹூக்ளி மாவட்டம் சாகஞ்சில் 1936-ல் தொடங்கிய டன்லப் ஆலைதான் இந்தியாவின் முதல் டயர் தொழிற்சாலை. பலமுறை மூடித் திறந்து கடைசியில் அடங்கிப் போனது. எத்தனை குடும்பங்களின் சோறு அது.

ஆலை போனாலும் அறிவு போகவில்லை. சாந்த்ராகாச்சியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் கரக்பூர். அங்குள்ள ஐ.ஐ.டி.யின் ரப்பர் தொழில்நுட்ப மையத்தில் அனில் கே. பௌமிக் போன்றவர்கள் ரப்பரில் களிமண், சிலிக்கா, கார்பன் நானோ துகள்கள் என்ன செய்கின்றன என்று பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படிப்பாகவே இருக்கிறது. பலூன் செய்யத் தொடங்கி டயருக்கு வளர்ந்த எம்.ஆர்.எஃப். திருவொற்றியூரில். ஒரகடத்தில் அப்போலோ, மதுரை வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா. கரி துர்காபூரில், ஆராய்ச்சி கரக்பூரில், டயர் தமிழ்நாட்டில், ஓடுவது இரண்டையும் இணைக்கும் ரோட்டில். இவ்வளவு இருந்தும் டயர் கடைக் கவுன்டருக்கு மட்டும் அந்த அறிவு வந்து சேரவில்லை. காரணம் தொழில்நுட்பம் இல்லாதது அல்ல, நாம் கேட்காததுதான். வாடிக்கையாளர் கேட்காத சரக்கைக் கடைக்காரர் ஷெல்ஃபில் வைக்க மாட்டார்.

ஆகவே, பூஜா லீவுக்கோ பொங்கலுக்கோ காரை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் நண்பர்களே, கிளம்புவதற்கு முன் டயர் மாற்றுவதாக இருந்தால் அந்த இரண்டு கேள்விகளோடு மூன்றாவதையும் கேளுங்கள்: "இதோட ரோலிங் ரெசிஸ்டன்ஸ் என்ன, வெட் கிரிப் என்ன, லேபிளைக் காட்டுங்க." கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவரே எடுத்துக் காட்டுவார்.

டிஸ்கி: மேலே சொன்னது என் சொந்தக் கருத்து, நான் வேலை பார்க்கும் வங்கியின் கருத்து அல்ல. எந்த டயர் கம்பெனியிலும் எனக்கு ஒரு ஷேர்கூட இல்லை :-)